மாடு மலடா, நாள் தவறியதா? சினை நிற்காத கறவையை விற்கும் முன் பார்க்க வேண்டியவை

பொங்கலும் தைப்பூசமும் நெருங்கும் நாள்களில் பால் மாடு வைத்திருப்பவர்களின் கைப்பேசி ஓயாது. பால்குடத்திற்குப் பசும்பால் வேண்டும், பொங்கலுக்கு இரண்டு போத்தல் வேண்டும் என்று தோட்டத்திலிருந்தும் தாமானிலிருந்தும் அழைப்புகள் வரும். கொட்டகையில் ஐந்து மாடுகள் நின்றாலும் பால் கறப்பது இரண்டாகத்தான் இருக்கும். மூன்றாவது, நிறைசினையாகிப் பால் வற்றியிருக்கும். எஞ்சிய இரண்டிடம் பாலும் இல்லை, சினையும் இல்லை. தீவனம் மட்டும் தினமும் இறங்கிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் வீட்டில் அந்தப் பேச்சு எழுகிறது. “இரண்டு தடவை ஊசி போட்டாச்சு, நிற்கவில்லை. மலட்டு மாடு போலிருக்கு. கொடுத்துவிடலாமா?” கொடுப்பது என்றால் எங்கே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் வைத்து, மாட்டுப் பொங்கலன்று மஞ்சள் குங்குமம் இட்டு வளர்த்த மாட்டை லாரியில் ஏற்றுவது எளிதான முடிவு அல்ல. அதைவிட வருத்தம் தருவது, அப்படிப் போகும் மாடுகளில் பல உண்மையில் மலடே அல்ல என்பதுதான்.

பிறவியிலேயே கருத்தரிக்க முடியாத மாடுகள் குறைவு. பருவத்தைக் கவனிக்காமல் விடுவது, தவறான நேரத்தில் ஊசி போடுவது, சத்துக் குறைவு, கன்று போட்ட பின் கருப்பையில் தங்கிவிடும் புண் ஆகியவையே சினை நிற்காததற்குப் பெரும்பாலும் காரணம். இந்த நான்கையும் சரிசெய்ய வழி உண்டு. மாடு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும் முன் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

பழைய மாடும் கலப்பின மாடும்

ரப்பர் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் லயன் வீட்டுக்குப் பின்னால் வளர்த்தவை இந்திய வம்சாவளி மாடுகள். ‘எல்.ஐ.டி.’ மாடு என்று கால்நடைத் துறையினர் குறிப்பிடும் இனம் இதுதான். பால் குறைவாகக் கொடுக்கும். ஆனால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். கிடைத்ததைத் தின்று வளரும். கூடவே ஒரு காளை திரிந்ததால் பருவம் எப்போது வந்தது என்று யாரும் கணக்கு வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையைக் காளையே பார்த்துக்கொண்டது.

பின்னர் பால் உற்பத்தியைப் பெருக்கும் திட்டங்களின் வழி சாகிவால்-ஃபிரீசியன் கலப்பினங்கள் நாட்டுக்குள் வந்தன. இவை கூடுதலாகப் பால் தரும். ஆனால் வெக்கை இவற்றை அதிகம் பாதிக்கும், தீவனமும் அதிகம் தேவைப்படும். காளைக்குப் பதில் செயற்கைக் கருவூட்டல் வந்தது. ஊசி போடுபவரை அழைக்க வேண்டிய நேரத்தை இப்போது வீட்டுக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வீட்டுக்காரரோ பகலில் தொழிற்சாலையிலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலையில் இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். மாட்டைப் பார்க்கும் நேரம் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. சிறு குடும்பப் பண்ணைகளில் பிரச்சினை தொடங்கும் இடம் இதுதான்.

21 நாள் கணக்கு

சினை இல்லாத, ஆரோக்கியமான மாடு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். 18 நாளிலும் வரலாம், 24 நாளிலும் வரலாம். அந்தப் பருவம் நீடிப்பது ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம்தான். நம் நாட்டு வெக்கையில் கலப்பின மாடுகளுக்கு இது இன்னும் குறையலாம். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

மூன்று பருவம் தவறினால் 63 நாள் வீணாகிறது. ஒரு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 8 வெள்ளி தீவனச் செலவு என்று வைத்துக்கொண்டால், 504 வெள்ளி பலன் இல்லாமல் போய்விடும். தள்ளிப்போகும் கன்றும் பாலும் அதில் சேரவில்லை.

பருவத்தின் உறுதியான அடையாளம் ஒன்றே ஒன்று. மற்ற மாடு மேலே ஏறும்போது, விலகாமல் அசையாமல் நிற்கும் மாடுதான் பருவத்தில் இருக்கிறது. ஏறும் மாடு பருவத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பலர் ஏறுகிற மாட்டைப் பார்த்துவிட்டு அதற்கே ஊசி போடச் சொல்வது உண்டு. பார்க்க வேண்டியது கீழே நிற்கும் மாட்டை.

மற்ற அடையாளங்கள் துணைக்கு உதவும். காரணமில்லாமல் கத்தும். தீனியில் நாட்டம் குறையும். பால் திடீரெனக் குறையும். அடிக்கடி சிறுநீர் விடும். பெண்குறி தடித்துச் சிவந்திருக்கும். கண்ணாடி போலத் தெளிந்த கோழை கயிறாக நீண்டு தொங்கும், வாலில் ஒட்டிக் காய்ந்திருக்கும். வால் அடிப்பகுதியில் மயிர் தேய்ந்து மண் படிந்திருந்தால், இரவில் மற்ற மாடுகள் ஏறியிருக்கின்றன என்று பொருள்.

ஊமைப் பருவம்

சில மாடுகள் கத்தாது, குதிக்காது. உள்ளே கருமுட்டை முதிர்ந்து வெளியேறிவிடும். வெளியில் எதுவும் தெரியாது. இதைத்தான் ஊமைப் பருவம் என்கிறார்கள். எருமைகளில் இது சாதாரணம். வெக்கையில் வாடும் கலப்பினப் பசுக்களிலும், கன்று போட்ட பின் வரும் முதல் பருவத்திலும் இதைக் காணலாம்.

எல்லா ‘ஊமை’யும் உண்மையில் ஊமை அல்ல. பகல் வெயிலில் மாடு மரநிழலில் மூச்சு வாங்கிப் படுத்திருக்கும். வெக்கை தணிந்த இரவிலும் விடியற்காலையிலும்தான் அது பருவத்தைக் காட்டும். அந்த நேரத்தில் வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். காலையில் கறக்கும்போதும் தீவனம் போடும்போதும் மாட்டின் கவனம் தீவன வாளியில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மாடு பருவத்துக்கே வரவில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

கறப்பதற்கு முன் விடியற்காலையில் ஒரு முறை, பொழுது சாய்ந்த பின் ஒரு முறை, படுக்கப் போகும் முன் இரவு 10 மணியளவில் ஒரு முறை என மூன்று வேளையும் 20 நிமிடம் மாட்டைப் பார்த்தபடி இருந்தாலே பெரும்பாலான பருவங்கள் கண்ணில் படும். கட்டிப்போட்டே வளர்க்கும் வீடுகளில், காலையிலும் மாலையிலும் சற்று நேரம் அவிழ்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் மாடு மற்றொன்றின் மேல் ஏறவும் முடியாது, ஏறவிட்டு நிற்கவும் முடியாது.

காலையில் பார்த்தால் மாலையில் ஊசி

பருவம் கண்டதும் பதறி அடித்து உடனே ஊசி போடுவதும் தவறு, மறுநாள் மாலைவரை இழுப்பதும் தவறு. பருவம் முடிந்து சுமார் 10 முதல் 12 மணி நேரத்துக்குப் பிறகுதான் கருமுட்டை வெளியேறும். வெளியேறிய முட்டை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். விந்தணு அதற்கு முன்பே உள்ளே போய்த் தயாராகக் காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் உலகெங்கும் ஒரு எளிய விதியைப் பின்பற்றுகிறார்கள். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. ஊசி போடுபவருக்கு அழைக்கும்போது, “மாடு கத்துது, வாங்க” என்று மட்டும் சொல்லாமல், முதன்முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊசியில் இருக்கும் விந்து, மைனஸ் 196 பாகை செல்சியஸில் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கப்படுவது. அதை இளஞ்சூட்டு நீரில் உருக்கி உடனே செலுத்த வேண்டும். கலன் வெயிலில் திறந்து கிடந்தாலோ உருக்கிய பின் நேரம் கடந்தாலோ, ஊசி போட்டும் பயன் இல்லை. மாடு படபடப்பாக இருந்தாலும் பலன் குறையும். ஊழியர் வருவதற்கு முன்பே மாட்டை நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி அமைதியாக வைத்திருப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி.

பலரைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. பருவத்துக்குப் பின் இரண்டொரு நாளில் சில மாடுகளுக்குக் கோழையோடு கொஞ்சம் இரத்தம் வரும். கரு கலைந்துவிட்டது என்று வீட்டில் கலங்கிப்போவார்கள். அது கரு கலைந்ததும் அல்ல, சினை பிடித்ததற்கு அடையாளமும் அல்ல. பருவம் முடிந்துவிட்டது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பருவத்தையே பார்க்காமல் விட்டவர்களுக்கு இதுவும் ஒரு துப்பு. அன்றிலிருந்து சுமார் 18, 19 நாள் எண்ணினால் அடுத்த பருவம்.

வயிறு நிறைந்தாலும் சத்து போதாது

செம்பனை மரத்தடியில் மேயும் மாட்டின் வயிறு நிறைந்திருக்கும். மரங்கள் வளர்ந்து நிழல் அடர்ந்துவிட்டால் அடியில் நல்ல புல் வளராது. கிடைப்பது களையும் பெரணியும்தான். வீட்டில் போடும் சோயா கழிவில் பாதிக்கு மேல் தண்ணீர். பனங்கொட்டைப் பிண்ணாக்கு மலிவானது, நல்ல தீவனமும்கூட. ஆனால் அதை மட்டுமே நம்பினால் தாது உப்புகளின் அளவு சரியாக அமையாது.

மாட்டின் உடல் ஒரு வரிசையில் செலவு செய்கிறது. முதலில் தன் உயிரைக் காக்கும், அடுத்து பால் தரும், கடைசியாகத்தான் அடுத்த கருவைப் பற்றி நினைக்கும். தீவனம் போதாதபோது முதலில் நிறுத்தப்படுவது பருவம். கன்று போட்ட புதிதில் மாடு எவ்வளவு தின்றாலும் பாலுக்குப் போகும் சத்தை ஈடுகட்ட முடிவதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. கன்று போடும்போதே மாடு எலும்பும் தோலுமாக இருந்தால் கரைக்கவும் ஒன்றும் இருக்காது.

இதைப் பார்க்க நிறுவை தேவையில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால், கடைசி ஓரிரு விலா எலும்புகள் லேசாகத் தெரியலாம். எல்லா விலாவும், முதுகெலும்பும், இடுப்பு எலும்பும் துருத்தி நின்றால் அந்த மாட்டுக்கு ஊசியை விடத் தீவனமே முதல் மருந்து. வெட்டிப் போடும் நேப்பியர் புல், பிண்ணாக்கு, தவிடு, கூடவே தாது உப்புக் கலவை, எந்நேரமும் சுத்தமான தண்ணீர் ஆகியவை சீராகக் கிடைத்தால் பருவம் தானாகத் திரும்பும். சமையல் உப்பை மட்டும் நக்கவிடுவது தாது உப்புக் கலவைக்கு ஈடாகாது.

கிடாரிகளுக்கும் இதே கதைதான். வயதாகியும் பருவத்துக்கு வராத கிடாரியை மலடு என்று ஒதுக்குகிறார்கள். பருவம் வருவது வயதைவிட உடல் எடையைப் பொறுத்தது. வளர்ந்த பசுவின் எடையில் பாதியைத் தாண்டி வளர்ந்தால்தான் பருவத்தை எதிர்பார்க்கலாம். குடல் புழுவும் உண்ணியும் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அந்த எடை வராது. காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி மட்டும் விதிவிலக்கு. அத்தகைய கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிறவியிலேயே மலடு. அதை இளவயதிலேயே சோதித்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுச் செலவு மிச்சம்.

கன்று போட்ட பின் 60 நாள்

கன்று விழுந்ததும் வீட்டின் கவனம் முழுவதும் சீம்பாலுக்கும் கன்றுக்கும் போய்விடுகிறது. அடுத்த சினை நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் நாள்களும் அவைதான்.

நஞ்சுக்கொடி பொதுவாக 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். ஒரு நாள் கடந்தும் தொங்கிக்கொண்டிருந்தால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, கையை விட்டு இழுப்பது போன்ற பழைய வழக்கங்கள் கருப்பையைக் கிழித்துவிடும். விழாத கொடி உள்ளே அழுகும். புண் உண்டாகும். மாடு வெளியே நலமாகத் தெரிந்தாலும் அந்தப் புண் ஆறாமல் அடுத்த கரு தங்காது.

கன்று போட்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் கலந்த கோழை வடிந்தால், கருப்பையில் அழற்சி இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஊசி போடுவது காசைக் கரைப்பதுதான். முதலில் சிகிச்சை, பிறகுதான் கருவூட்டல். நல்ல நிலையில் இருக்கும் மாட்டுக்கும் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 40 நாள் பிடிக்கும். எனவே 60 நாள் கழித்து வரும் பருவத்தில் ஊசி போடுவது பொருத்தம். 85 நாள் அளவில் சினை பிடித்துவிட்டால், 280 நாள் சினைக்காலத்தோடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கு சரியாக வரும்.

மூன்று ஊசிக்கும் நிற்காத மாடு

பருவம் ஒழுங்காக வருகிறது, கோழையும் தெளிவாக இருக்கிறது, மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால், நான்காவது ஊசிக்கு முன் மருத்துவரின் சோதனை தேவை. வெளியில் தெரியாத கருப்பைப் புண், தாமதமாக வெளியேறும் கருமுட்டை, சூலகத்தில் நீர்க்கட்டி என்று காரணம் பலவாக இருக்கலாம். மருத்துவர் ஆசனவாய் வழியே கையை விட்டுத் தடவிப் பார்த்தோ ஸ்கேன் செய்தோ நிலையைச் சொல்லிவிடுவார். சிலவற்றுக்கு ஹார்மோன் ஊசி பலன் தரும்.

ஆனால் அந்த ஹார்மோன் ஊசியைப் பக்கத்துப் பண்ணையில் கேட்டு வாங்கித் தாமாகவே போடுவது பேராபத்து. பருவத்தை வரவழைக்கும் ஒரு வகை மருந்து, சினை மாட்டுக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையால் தொடவே கூடாது.

காளையை நம்பும் வீடுகளிலும் கவனம் வேண்டும். ஒரே காளை பல கொட்டகைகளுக்குப் போனால், இனச்சேர்க்கை வழி பரவும் நோய்களையும் கூடவே கொண்டுபோகும். ஒரே காளையைப் பல ஆண்டு வைத்திருந்தால் அது தன் கிடாரிகளோடே சேர்ந்துவிடும். கன்றுகள் நலிந்து பிறக்கும்.

கன்று வீசினால் குடும்பத்துக்கும் ஆபத்து

சினையின் கடைசி மாதங்களில் மாடு கன்று வீசினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸ் காரணமாக இருக்கலாம். இது மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, சோர்வு என்று மாதக் கணக்கில் ஆளை வாட்டும்.

வீசிய கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை அணிய வேண்டும். நாய் இழுத்துப் போகாதபடி தள்ளி வைத்து, உடனே மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை முடியும்வரை அந்த மாட்டைத் தனியே கட்டுவது நல்லது. காய்ச்சாத பாலைக் குடிக்கும் பழக்கத்தை எந்த வீட்டிலும் விட்டுவிட வேண்டும். பசும்பால் வாங்கிச் செல்பவர்களுக்கும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக் கொடுப்பது விற்பவரின் கடமை.

மளிகைக் கடை நாள்காட்டி போதும்

இத்தனைக்கும் தேவைப்படும் முக்கியமான கருவி ஒரு நாள்காட்டி. ஆண்டுப் பிறப்புக்கு மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுப்பதே போதும். கொட்டகையில் மாட்டிவைத்து, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடலாம். கன்று போட்ட நாள், பருவம் கண்ட நாளும் மணியும், ஊசி போட்ட நாள் ஆகியவற்றை மாட்டின் பெயரோடு குறித்தால் போதும். வேலைக்குப் போகும் வீடுகளில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதிவு செய்தாலும் சரிதான். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் கவனிப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. மார்ச் 1 ஆம் தேதி ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 19 முதல் 25 வரை மாட்டைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பருவம் வரவில்லை என்றால் நல்ல செய்தி, ஆனால் உறுதி அல்ல. ஏப்ரல் 12 ஐ ஒட்டி மீண்டும் கவனிக்க வேண்டும். மே மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். சினை உறுதியானால் அக்டோபர் 7 வாக்கில் பால் கறப்பதை நிறுத்தி இரண்டு மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். டிசம்பர் 6 ஐ ஒட்டிக் கன்று எதிர்பார்க்கலாம். அப்படியானால் அடுத்த பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் அந்த மாடு பாலோடு நிற்கும்.

இந்தக் கணக்கில் பலர் தவறவிடுவது சினைப் பரிசோதனையைத்தான். பருவம் வரவில்லை என்பதாலேயே சினை என்று நம்பி ஆறேழு மாதம் காத்திருந்து, வயிறு பெருக்கவில்லை என்று அப்புறம் தெரிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. அதற்கு நேர்மாறாக, சினையான மாடுகளில் சிலவும் பருவம் போலக் காட்டும். சோதிக்காமல் அவற்றுக்கு மறுபடியும் ஊசி போட்டால் இருக்கும் கருவும் போய்விடலாம்.

விற்கும் முன்

எல்லா மாட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று சொல்வதற்கில்லை. மிக வயதான மாடு, கருப்பை நிரந்தரமாகக் கெட்டுப்போன மாடு, புருசெல்லோசிஸ் உறுதியான மாடு ஆகியவற்றை வைத்திருக்க முடியாது. மேய்ச்சல் நிலம் சுருங்கி, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில் பயன் தராத மாட்டுக்குத் தீனி போடும் வசதி எல்லாக் குடும்பங்களுக்கும் இல்லை.

ஆனால் வாங்க வருபவர் விலை பேசும் முன் வீட்டுக்காரர் தமக்குத் தாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த மாடு கடைசியாக எந்தத் தேதியில் பருவத்துக்கு வந்தது? அதை எத்தனை மணிக்குப் பார்த்தோம்? எப்போது ஊசி போட்டோம்? விலா எலும்பு எத்தனை தெரிகிறது? கன்று போட்ட பின் கொடி முழுவதும் விழுந்ததா? மருத்துவர் ஒரு முறையாவது சோதித்தாரா? இவற்றுக்குப் பதில் தெரியவில்லை என்றால், அந்த மாட்டை மலடு என்று சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.